புது ஊர், பழைய வேலை

எண் போட்ட கேம் ஒன்றின் அறிவிப்பு வந்தால் போதும், "மறுபடியும் அரைத்த மாவா" என்று ஒரு கூட்டம் அலுத்துக்கொள்ளும். அதே கேமில் எதையாவது மாற்றிவிட்டால் "இது நம்ம தொடரே இல்லை" என்று இன்னொரு கூட்டம் கொதிக்கும். பாதி நேரம் இரண்டு கூட்டத்திலும் இருப்பது ஒரே ஆட்கள்தான், என்னையும் சேர்த்து. மாரியோ 1985-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறார், கால் ஆஃப் டூட்டி 2005 முதல் ஒரு வருடம்கூட விடாமல் வருகிறது, ஃபைனல் ஃபேன்டசி பதினாறாம் எண்ணைத் தொட்டுவிட்டது. இவற்றில் சரக்கு மிச்சமிருக்கிறதா, இல்லை பெயரை வைத்தே காலம் தள்ளுகிறார்களா என்பதுதான் அடிக்கடி நடக்கும் சண்டை.

எனக்கு அந்தக் கேள்வியே கோணலாகப் படுகிறது. "திரும்ப வருகிறதா" என்று கேட்கிறோமே தவிர, "எது திரும்ப வருகிறது" என்று கேட்பதில்லை. ஒரு கேமில் கண்ணுக்குத் தெரியும் பாதி ஒன்று உண்டு: ஊர், ஆட்கள், உடை, கதை. கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை செய்யும் வேலை மறுபாதி: ஏறுவது, சுடுவது, ஒளிவது, பேரம் பேசுவது, காத்திருப்பது. பெரும்பாலான தொடர்கள் முதல் பாதியை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஏன் என்று யோசிக்கவே வேண்டாம், ட்ரெய்லரில் காட்ட முடிவது ஊரைத்தான். புது ஊர், பழைய வேலை. என் அலுப்பு முழுக்க அங்கேதான் பிறக்கிறது. தலைகீழாகச் செய்தவர்கள், அதாவது பழைய ஊரையோ முகங்களையோ வைத்துக்கொண்டு வேலையை மாற்றியவர்கள், என்னை ஒருமுறைகூட அலுக்கவிட்டதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி மஜோராஸ் மாஸ்க். 1998 நவம்பரில் செல்டா தொடரின் ஆக்கரினா ஆஃப் டைம் வந்து, முப்பரிமாண சாகச கேம் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று எல்லோருக்கும் வழிகாட்டியது. அடுத்து என்ன செய்வது? நிண்டெண்டோவில் எய்ஜி அவோனுமாவிடம் கொடுக்கப்பட்ட வேலை, அந்த கேமின் குகைகளையே கொஞ்சம் மாற்றியமைத்து இன்னொரு பதிப்பு தயாரிப்பது. அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியானால் ஒரு வருடத்தில் புது செல்டா செய்து காட்ட முடியுமா என்று செல்டாவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ சவால் விட்டார். ஒரு வருடத்தில் புது உலகம் கட்ட முடியாது. அதனால் ஆக்கரினாவை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினையும் அதில் வந்த முகங்களையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, வேறு பெயர், வேறு தொழில் கொடுத்து இன்னொரு ஊரில் குடியேற்றினார்கள். 2000 ஏப்ரலில் மஜோராஸ் மாஸ்க் வெளியாகிவிட்டது.

கணக்குப்படி பார்த்தால் இதைவிடச் சோம்பேறித்தனமான தொடர்ச்சி இருக்கவே முடியாது. ஆனால் முகமும் நடையும் தயாராக இருந்ததால் மிச்சமிருந்த உழைப்பெல்லாம் வேறு ஒன்றில் இறங்கியது: நேரத்தில். மூன்று நாளில் நிலா விழுந்து ஊர் அழியப்போகிறது. நாம் அந்த மூன்று நாளைத் திரும்பத் திரும்ப வாழ்கிறோம். ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தினசரி அட்டவணை இருக்கிறது, யார் எந்த மணிக்கு எங்கே இருப்பார் என்று குறித்துவைக்க ஒரு நோட்டுப்புத்தகமே தருகிறார்கள். கல்யாணத்துக்கு முன் காணாமல்போன மாப்பிள்ளை, விடுதியில் அவருக்காகக் காத்திருக்கும் பெண், இந்த இருவரையும் சேர்த்துவைக்கும் கிளைக்கதை ஒன்று உண்டு. மூன்று நாளும் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றால், கடைசி இரவில், ஊரே காலியாகி நிலா தலைக்கு மேலே வந்துவிட்ட பிறகு அவர்கள் சந்திப்பார்கள். அதற்குப் பிறகு நாம் உயிரோடு இருக்கணுமென்றால் காலத்தைப் பின்னால் திருப்பியாக வேண்டும், திருப்பினால் அந்தச் சந்திப்பு நடக்கவே இல்லை என்றாகிவிடும். வாளைச் சுழற்றும் முறை ஆக்கரினாவில் இருந்ததுதான், குதிரைகூட அதே குதிரைதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது கை செய்த வேலை உளவு பார்ப்பதும் நேரம் குறிப்பதும்தான். அந்த வேலை ஆக்கரினாவில் கிடையாது, வேறு எங்கேயும் அதிகமாகக் கிடையாது.

இருபத்து மூன்று வருடம் கழித்து அதே தொடர், அதே அவோனுமா தயாரிப்பாளராக இருக்க, அதே காரியத்தைப் பெரிய அளவில் செய்தது. 2017-ல் வந்த ப்ரெத் ஆஃப் தி வைல்டின் ஹைரூல் நிலப்பரப்பையே 2023-ன் டியர்ஸ் ஆஃப் தி கிங்டமுக்கும் வைத்துக்கொண்டார்கள். ஆறு வருடம் காத்திருந்துவிட்டு அதே மலையைப் பார்க்கும்போது கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்தது. மேலே வானத்தீவுகள், கீழே இருட்டுப் பாதாளம் என்று சேர்த்திருந்தாலும் அவை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெரிதாகத் தெரிந்தது அல்ட்ராஹேண்ட்: கண்ணில் படும் கட்டை, சக்கரம், விசிறி எதையும் எதோடும் ஒட்டி வண்டியோ படகோ பறக்கும் பலகையோ செய்துகொள்ளலாம். முதல் கேமில் ஆறு என்றால் நீந்திக் கடக்கணும், மலை என்றால் மூச்சைச் சேமித்து ஏறணும். இதில் அதே ஆறும் மலையும் எதைக் கட்டலாம் என்று யோசிக்கவைக்கும் கணக்குகளாகிவிட்டன. அசென்ட் என்று இன்னொன்று, தலைக்கு மேலே உள்ள பாறையைத் துளைத்து உச்சிக்கு வந்துவிடலாம். குகையைச் சோதித்துவிட்டு மறுபடி நடந்து வெளியே வரச் சோம்பல்பட்ட உருவாக்குநர்கள் தங்களுக்காக வைத்திருந்த குறுக்குவழி அது, பிறகு அதையே விளையாடுபவருக்கும் கொடுத்துவிட்டார்கள். பழைய மேப்பை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்களுக்குத்தான் இந்த மாற்றம் அதிகமாக உறைத்தது என்பது என் எண்ணம்.

இப்போது எதிர்ப்பக்கம். அசாசின்ஸ் க்ரீட் எனக்குப் பிடித்த தொடர், திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. 2007-ல் சிலுவைப் போர்க்காலத்து டமாஸ்கஸ், ஜெருசலேம், 2009-ல் ஃப்ளாரன்ஸ், வெனிஸ், 2010-ல் ரோம், 2011-ல் கான்ஸ்டான்டினோபிள், 2012-ல் அமெரிக்க விடுதலைப் போர். ஒவ்வொன்றும் அழகு. ஒவ்வொன்றிலும் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, கழுகுபோல ஊரைப் பார்த்து, மேப்பில் சின்னச் சின்ன அடையாளங்கள் முளைப்பதைக் கண்டு, வைக்கோலில் குதித்து, அந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். 2014-ல் யூனிட்டி, ரோக் என்று ஒரே வருடத்தில் இரண்டு. யூனிட்டியில் முகம் மறைந்துபோய் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் படங்கள் உலகம் பூராவும் சுற்றின, தொடரைத் தயாரிக்கும் யுபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டுக் கூடுதல் கதை ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. பிழைகளைத் திருத்திவிடலாம். அவற்றுக்கு அடியில் இருந்த களைப்பைத் திருத்த முடியவில்லை.

அந்தத் தொடரிலேயே என் பேச்சுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. ரசிகர்களிடம் எது பிடிக்கும் என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் 2013-ன் ப்ளாக் ஃப்ளாக். அதில் கோபுரமும் வைக்கோலும் இல்லாமலில்லை, ஆனால் பாதி நேரம் கப்பல் ஓட்டிக்கொண்டிருப்போம். காற்றைப் பார்ப்பது, பாய்மரத்தை இறக்குவது, எதிரிக்கப்பலுக்குப் பக்கவாட்டைக் காட்டித் திரும்புவது. கை வேறு வேலை செய்தது, அவ்வளவுதான் ரகசியம். 2016-ல் ஒரு வருடம் ஓய்வெடுத்துவிட்டு 2017-ல் ஆரிஜின்ஸ் மூலம் சண்டை முறையை மாற்றினார்கள், பாராட்டத்தான் வேண்டும். அந்தப் புதுமுறையையே ஒடிஸியிலும் வால்ஹல்லாவிலும் இன்னும் பெரிய மேப்பில் இழுத்து, முக்கியக் கதையை முடிக்கவே ஐம்பது அறுபது மணி நேரம் என்று ஆக்கிவைத்தார்கள். ஆரிஜின்ஸில் பிறகு சேர்க்கப்பட்ட டிஸ்கவரி டூர் என்ற பகுதி நினைவிருக்கிறதா? சண்டை கிடையாது, எதிரி கிடையாது, பண்டைய எகிப்தைச் சும்மா நடந்து பார்க்கலாம், வழிகாட்டி ஒருவர் பிரமிடு பற்றிச் சொல்வார். இந்தத் தொடர் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டது அந்த ஒரு இடத்தில்தான் என்று தோன்றும். ஊரைக் காட்டத்தானே கூப்பிட்டீர்கள், சரி, காட்டுங்கள்.

ஊரையும் வைத்துக்கொள்ளாமல் வேலையையும் முழுக்க மாற்றாமல் நடுவில் ஒரு வழி இருக்கிறது, ரெசிடென்ட் ஈவில் வழி. 1996-ல் தொடங்கியபோது கேமரா சுவர் மூலையில் அசையாமல் நிற்கும், நாம் அறைக்குள் தட்டுத்தடுமாறி நடப்போம், தெரியாத பக்கத்திலிருந்து முனகல் கேட்கும். சில பாகங்களில் அது தேய்ந்துவிட்டது. நான்காவது பாகத்துக்காகச் செய்து பார்த்து ஒதுக்கிய வடிவங்களில் ஒன்று ரொம்பவே தடம் மாறிப்போய், டெவில் மே க்ரை என்ற தனித் தொடராகவே 2001-ல் வந்தது. கடைசியில் ஷின்ஜி மிகாமியின் குழு 2005-ல் வெளியிட்ட நான்காவதில் கேமரா நாயகனின் தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு வந்த கியர்ஸ் ஆஃப் வார், டெட் ஸ்பேஸ் போன்ற எத்தனையோ கேம்களில் அந்தத் தோள் தெரியும். அப்புறம் அதுவும் தேய்ந்தது. 2012-ன் ஆறாவது பாகம் வெடிச்சத்தம் நிறைந்த சண்டைப்படம்போல ஆகிவிட, 2017-ல் ஏழாவது பாகம் கேமராவை நேராக நம் கண்ணுக்குள்ளேயே கொண்டுவந்து, லூசியானாவில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் பூட்டிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது மாறாமல் இருப்பவை. பச்சை மூலிகை, பொருள் வைக்கும் பெட்டி, விசித்திர வடிவத்தில் சாவிகள், எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய தோட்டாக்கள். 1996-ல் விளையாடிய ஒருவரை ஏழாவது பாகத்தின் வீட்டுக்குள் விட்டால் கேமராவைப் பார்த்து மிரண்டாலும், பெட்டியைப் பார்த்ததும் என்ன செய்யணும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு எலும்பை மட்டும் மாற்றி, அதனால் மற்ற எல்லாம் எப்படி அசைகிறது என்று பார்க்கிறார்கள். இதற்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் முந்தைய பாகத்தில் பட்ட அடியிலிருந்துதான். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டசியின் பதினான்காம் பாகம் 2010-ல் வந்து படுத்துவிட்டது. நவோகி யோஷிதா பொறுப்பேற்று, கதைக்குள்ளேயே வானத்திலிருந்து பேரழிவை இறக்கி அந்த உலகத்தை அழித்து, சர்வரை மூடி, 2013-ல் புதிதாகக் கட்டி மறுபடி திறந்தார். நன்றாக விற்றுக்கொண்டிருந்த கேமாக இருந்திருந்தால் யாராவது அனுமதி கொடுத்திருப்பார்களா?

அதனால்தான் நன்றாக விற்கும் தொடர்கள் மாறுவதில்லை. காரணம் சோம்பல் என்று நான் நம்பவில்லை, பணமும் காலமும்தான். ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) மூன்றாம் பாகம் 2001, வைஸ் சிட்டி 2002, சான் ஆண்ட்ரியாஸ் 2004. ஒன்று சொதப்பினால் அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம் என்ற வேகம் அது. ஐந்தாவது 2013-ல் வந்தது, ஆறாவதின் தேதி தள்ளித் தள்ளி 2026 நவம்பர்வரை போயிருக்கிறது. 2020-ன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவானது என்பது, ஒரு வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் சரியாக மறைக்கப்படாத வரிகளிலிருந்து வெளியே தெரிந்துபோனது. இவ்வளவு பணத்தைப் போட்டவர் "மூன்று நாளில் நிலா விழும்" என்ற யோசனைக்குத் தலையாட்ட மாட்டார். மாரியோவிலும் இதைப் பார்க்கலாம். 2012-ல் நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்ற பெயரில் ஒரே வருடத்தில் இரண்டு கேம் வந்தன, ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்கே சிரமம். 2023-ல் வந்த வொண்டரில் ஒரு பூவைத் தொட்டால் குழாய்கள் புழுவாக நெளிய ஆரம்பிக்கும், செடிகள் பாட்டுப் பாடும், மாரியோவே வேறு ஜந்துவாகிவிடுவார். அந்த யோசனைகளைத் தேடிய ஆரம்பக் கட்டத்துக்குக் காலக்கெடுவே வைக்கவில்லை என்று அதன் இயக்குநர் ஷிரோ மௌரி பேட்டியில் சொல்லியிருக்கிறார். எத்தனை நிறுவனத்தால் அப்படிச் சொல்ல முடியும்?

சரி, எல்லாத் தொடருக்கும் வேலை மாறித்தான் ஆகணுமா என்றால், இல்லை. விளையாட்டுப் போட்டி கேம்களையும் சண்டை கேம்களையும் இந்தத் தராசில் வைக்கக்கூடாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகம் 1991 முதல் 1994 வரை ஐந்து வடிவங்களில் வந்தது. அதைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. ஆனால் கடைசி வடிவமான சூப்பர் டர்போவுக்கு இன்றும் போட்டிகள் நடக்கின்றன. சதுரங்கத்தின் விதியை வருடாவருடம் மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லையே. தேய்த்துத் தேய்த்து விதியைக் கூர்மையாக்குவதும் ஒரு உழைப்புதான். தேய்க்காமலே விலை வாங்குவது வேறு. நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த ஃபிஃபா 20, 21, 22, 23 நான்குமே லெகசி எடிஷன் என்ற பெயரில் வந்தன. ஆட்டக்காரர் பட்டியலும் ஜெர்சியும் புதுசு, ஆட்டத்தில் புதிதாக எதுவும் இல்லை என்று ஈஏ நிறுவனமே வெளிப்படையாக அறிவித்திருந்தது. வாங்கினவர்களை ஏமாற்றவில்லை என்பது வாஸ்தவம், ஆனால் அதை ஒரு கேம் என்று எண்ணிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

நம்மையும் கொஞ்சம் பேசணும். டிராகன் க்வெஸ்ட் ஒன்பதாம் பாகத்தை 2006 டிசம்பரில் முதலில் காட்டியபோது, முறை வைத்துத் தாக்கும் பழைய பாணியை விட்டுவிட்டு நேரடிச் சண்டையாகக் காட்டினார்கள். ரசிகர்கள் குமுறினார்கள். 2009-ல் கேம் வந்தபோது பழைய முறையே திரும்பியிருந்தது. இன்னொரு பக்கம் பாருங்கள், யாகுசா தொடர் 2005-லிருந்து டோக்கியோவின் கபுகிச்சோவை மாதிரியாக வைத்த கமுரோச்சோ என்ற தெருக்கூட்டத்தில்தான் பெரும்பாலும் ஒரே மாதிரி அடிதடியாக ஓடிக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரல் முட்டாள்கள் தினத்தில் அதை முறை வைத்து ஆடும் கேமாகக் காட்டி ஒரு வீடியோ விட்டார்கள், எல்லோரும் சிரித்தோம். அது நிஜம். 2020 ஜனவரியில் ஜப்பானில் வெளியான ஏழாம் பாகத்தின் நாயகன் இச்சிபான் சின்ன வயதிலிருந்து டிராகன் க்வெஸ்ட் பைத்தியம், அதனால் அவன் கண்ணுக்குத் தெருச்சண்டைகளும் அப்படித்தான் தெரிகின்றன என்று கதைக்குள்ளேயே காரணமும் வைத்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு லாகவமாக இறக்கியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஒரு நாகரிகத்தைக் காலங்காலமாக வளர்க்கும் கேமான சிவிலைசேஷனின் சிட் மெய்ர் பெயரில் ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்றில் ஒரு பங்கு பழசு, ஒரு பங்கு திருத்தினது, ஒரு பங்கு புதுசு. 2010-ல் ஐந்தாம் பாகம் சதுரக் கட்டங்களை அறுகோணமாக்கி ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்றபோது முணுமுணுத்தவர்கள், பிறகு அதையே தரம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2025-ன் ஏழாம் பாகத்தில் யுகம் மாறும்போது நாகரிகத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்றதும் கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் விமர்சனங்கள் இரண்டாகப் பிளந்தன. கற்காலம் முதல் ராக்கெட் காலம் வரை ஒரே கொடியோடு போவதுதான் இந்தத் தொடரின் உயிர் என்று நினைப்பவன் நான், அதனால் எனக்கும் அது ஒட்டவில்லை. பிளந்தவர்கள் எல்லோரும் பழமைவாதிகள் இல்லை. மாற்றக்கூடாத எலும்பு என்று ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு விசித்திரமாகத் தெரிவது ஒன்று. இன்றைய பெரிய கேம்களில் ரொம்ப உழைப்பு விழுங்குவது ஊரைக் கட்டுவதுதான், ஒரு பாகம் முடிந்ததும் அந்த ஊரைத்தான் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். யூனிட்டியின் பாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் எப்படியோ இருக்கட்டும், அதன் நோத்ர்தாம் தேவாலயம் அவ்வளவு நுணுக்கமாகக் கட்டப்பட்டது. 2019 ஏப்ரலில் நிஜ தேவாலயம் தீப்பிடித்தபோது யுபிசாஃப்ட் அந்த கேமைச் சில நாட்கள் கணினியில் இலவசமாகக் கொடுத்தது, அதைப் பார்ப்பதற்காகவே பலர் உள்ளே போனார்கள். புரட்சிக்காலத்துப் பாரிஸ், ஆயிரக்கணக்கில் மக்கள், உள்ளே நுழையக்கூடிய வீடுகள், எல்லாம் தயாராக அங்கே கிடக்கிறது. அதை ஒரு சின்னக் குழுவிடம் கொடுத்து, ஒரு வருடம் அவகாசமும் கொடுத்து, கோபுரம் ஏறக்கூடாது, கத்தியை எடுக்கக்கூடாது, அரசன் தலை விழுவதற்கு முந்தைய ஒரு வாரத்தை மட்டும் வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். செய்ய மாட்டார்கள் என்று தெரியும், ஆனால் செய்தால் முதல் நாளே வாங்குவேன்.